மின்வாரிய வயர்லெஸ்ஸும் மின்கம்பத்து இரைச்சலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் ஆன்டெனா நிற்கும் வீட்டுக்காரனிடம் தெருவில் எல்லோருக்கும் ஒரு கேள்வி இருக்கும். மதுரை திருநகரில் என் வீட்டுப் படியேறி வந்தவர்கள், திருப்பரங்குன்றம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், மேலூரிலிருந்து போனில் அழைத்தவர்கள் எனப் பலரும் வானொலி ஸ்கேனர், மின்வாரிய வயர்லெஸ், மின்கம்ப இரைச்சல் பற்றிச் சுற்றிச் சுற்றிக் கேட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரன், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவன். வழக்கறிஞரும் இல்லை, மின்வாரிய ஊழியரும் இல்லை.

ஸ்கேனர் என்றால் ஜெராக்ஸ் கடையில் இருக்குமே, அதுவா?

பெயர் ஒன்றுதான், வேலை வேறு. வானொலி ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகத் தாவிப் பார்த்து, எங்கே பேச்சு இருக்கிறதோ அங்கே நின்றுவிடும் ஒரு வாங்கி (ரிசீவர்). பேச்சு முடிந்ததும் மறுபடி தாவத் தொடங்கும். அதில் கேட்க மட்டுமே முடியும், அனுப்ப முடியாது.

இப்போது அதே வேலையைக் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள் ஒன்றும் ஒரு மடிக்கணினியும் சேர்ந்து செய்துவிடுகின்றன. டிவி பார்ப்பதற்காகச் செய்த மலிவான டாங்கிளைப் பல அலைவரிசைகளுக்கும் வாங்கியாக்கலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று அதற்குப் பெயர். சுமார் 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கும் சற்று அதிகமான அகலத்தைத் திரையில் அருவிபோல விரித்துக் காட்டும். எங்கே சத்தம் இருக்கிறது என்று காதால் தேட வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிடலாம்.

கரண்ட் போனதும் சப்-ஸ்டேஷனில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று இதில் கேட்டுவிடலாமா, சார்?

கேட்கக் கூடாது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42ஆவது பிரிவு, ஒருவருக்கான தகவலைச் சட்டவிரோதமாக இடைமறிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. அதற்கு முன்பும் கதவு திறந்திருக்கவில்லை. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் வாங்கிய காலத்தை என் அப்பா வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980களில்தான் அது ஒழிந்தது.

இன்னொன்று. சிரமப்பட்டுத் தேடினாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நான் பார்த்தவரை நம் தெரு லைன்மேன் கையில் இருப்பது செல்போன்தான். "ஃபீடர் எத்தனை மணிக்கு வரும்" என்ற பேச்சு அதில்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் ஒருவர் மின்நிறுவன ஊழியர்கள் பேசுவதைக் கேட்கும் காணொளி பார்த்தேனே அண்ணே. அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது?

அந்த நாட்டுச் சட்டம் வேறு. அங்கே 1986ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்புத் தனியுரிமைச் சட்டம், மறையீடு (பிறருக்குப் புரியாதபடி குறியாக மாற்றுவது) செய்யப்படாமல் பொதுவாக யாருக்கும் எட்டும்படி வரும் வானொலிப் பேச்சைக் கேட்பதற்கு விலக்குத் தந்திருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு எந்த அலைவரிசை என்ற பட்டியலையும் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அங்குள்ள மின்நிறுவனங்கள் பல காலம் 37, 47 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசின. மலையும் காடும் தாண்டித் தொலைவு போகும் என்பதுதான் காரணம். இப்போது டிஜிட்டலுக்கும் மறையீட்டுக்கும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அங்கும் எல்லை உண்டு. கேட்டதை வெளியே சொல்வதையும் அதை வைத்து ஆதாயம் தேடுவதையும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1994 முதல் செல்போன் அலைவரிசை எட்டாதபடிதான் அங்கே ஸ்கேனர் விற்க வேண்டும். பிரிட்டன் இன்னும் கறார். தனக்கானதல்லாத பேச்சைக் கேட்பதே 2006ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின்படி குற்றம். காணொளி எடுத்தவரின் நாட்டைப் பார்க்காமல் கருவியின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர்கள்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறார்கள்.

பூட்டுப் போடாமல் காற்றில் விடுகிறார்கள். காதில் விழுவதற்கு நான் என்ன செய்ய முடியும்?

தபால் அட்டைக்கும் பூட்டு இல்லை. கொண்டுவரும் தபால்காரர் நினைத்தால் படித்துவிடலாம். படித்துவிட்டு டீக்கடையில் சொன்னால் அவரைத் தெருவில் யாராவது மறுபடி உள்ளே விடுவார்களா? திருப்பும்போது தற்செயலாக ஒரு பேச்சு காதில் விழுந்தால் கடந்து போய்விடுங்கள். குறித்துவைப்பது, பதிவு செய்வது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாம் தற்செயல் கணக்கில் வராது.

மின்வாரியப் பேச்சில் ஓர் உயிர் விஷயமும் உண்டு. கம்பம் ஏறும் முன் அந்த லைனை நிறுத்தி 'எல்.சி.' வாங்குவார்கள், அதாவது லைன் கிளியர். யார் பெயரில் வாங்கினார்களோ அவர் இறங்கி வந்து திருப்பித் தந்த பிறகுதான் மின்சாரம் விடப்படும். அப்படிப்பட்ட உரையாடலில் ஒரு விளையாட்டுப் பையன் வாக்கி-டாக்கியில் குறுக்கே குரல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சப்-ஸ்டேஷன் வாசலில் உயர் அழுத்தக் கம்பி நுழையும் இடத்தில் பீப்பாய் மாதிரி ஒன்று தொங்குகிறதே, அதுதான் அவர்களுடைய ஆன்டெனாவா?

எனக்குப் பிடித்த கேள்வி. அது ஆன்டெனா இல்லை, 'வேவ் டிராப்' என்னும் சுருள். அலைகளுக்கு வைத்த அணை என்று சொல்லலாம். 110 கிலோவோல்ட், 230 கிலோவோல்ட் கம்பிகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்த்து இன்னொரு சுமையையும் தூக்குகின்றன. ஒரு துணை மின்நிலையம் இன்னொன்றோடு பேசும் பேச்சும், கோளாறு வந்தால் அடுத்த முனைக்கு "உடனே துண்டி" என்று போகும் சைகையும் அதே கம்பியில், சில பத்து கிலோஹெர்ட்ஸ் முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் சவாரி செய்யும். 'கேரியர்' என்று ஊழியர்கள் சொல்வது இதைத்தான்.

அந்தச் சைகை மின்நிலையத்துக்குள் நுழைந்து சிதறிவிடாமல் பீப்பாய்ச் சுருள் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு மட்டும் வழிவிடும். பக்கத்தில் உயரமான பீங்கான் தூண்போல நிற்பது மின்தேக்கி. சைகை கம்பியில் ஏறுவதும் இறங்குவதும் அதன் வழியாக. இப்போது கோபுர உச்சியில் ஓடும் எர்த் கம்பிக்குள்ளேயே கண்ணாடியிழை வைத்துவிடுகிறார்கள், அதனால் கேரியரின் வேலை குறைந்து வருகிறது. அடுத்த முறை சமயநல்லூர்ப் பக்கம் போகும்போது வேலிக்கு வெளியே நின்றபடியே பாருங்கள். இதையும் கேட்கலாமா என்று கேட்காதீர்கள், மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் இந்தக் கருவியில் எதைத்தான் கேட்பது?

எல்லோருக்காகவும் அனுப்பப்படுவதைக் கேட்கலாம். மதுரையில் இருந்துகொண்டு இரவில் சாதாரண ரேடியோவில் மத்திய அலையைத் திருப்பினால் தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936 என்று ஊர் ஊராக வரும். சிற்றலையில் 10 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் சீனாவின் பிபிஎம் நிலையம் நொடிக்கு ஒரு 'டிக்' அடித்து நேரம் சொல்லிக்கொண்டிருக்கும். கடிகாரக் கடை திறந்ததுபோல் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் காலை நேரத்தில் நாடெங்கும் உள்ள அமெச்சூர்கள் பேசிக்கொள்வார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அமெரிக்காவின் பழைய நோவா வானிலைச் செயற்கைக்கோள்கள் 2025இல் நிறுத்தப்பட்டாலும், ரஷ்யாவின் மீட்டியோர் வரிசை 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மேகப் படம் தந்துகொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது ஒன்று உண்டு. மின்வாரியத்தின் பேச்சைக் கேட்கக் கூடாது, ஆனால் அதன் கம்பிகள் போடும் இரைச்சல் யாருடைய தகவலும் இல்லை. அது உங்கள் ரேடியோவைக் கெடுக்கும் தொல்லை. அதைக் கேட்கலாம், தேடலாம், புகார் செய்யலாம். இதற்கு மேல் வரும் பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

வீட்டில் பேட்டரியில் ஓடும் பழைய மத்திய அலை ரேடியோ இருந்தால் எதையும் வாங்க வேண்டாம். ஒரு மாதம் அதோடு பழகுங்கள். டாங்கிள், ஸ்கேனர் எல்லாம் அமெச்சூர் உரிமத்துக்குப் பிறகு என்பது என் கட்சி. யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

ரேடியோவைப் போட்டாலே கர்ரென்று இரைகிறது. கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

பேட்டரி ரேடியோவை இரைச்சல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பிறகு "கரண்டே இல்லை, ஆனாலும் இரைகிறது" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், கண்காணிப்புக் கேமராவின் மின்வழங்கி ஆகிய மூன்றும்தான் மாறி மாறிச் சிக்கும்.

காதைப் பழக்கினால் அணைக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். சார்ஜர் இரைச்சல் ஒரு சீரான 'ஸ்ஸ்'. முள்ளைத் திருப்பினால் குறிப்பிட்ட இடைவெளி விட்டு விட்டு மேடு தட்டும். மின்கம்பத்தில் பொறி பறப்பது முரட்டு 'ர்ர்ர்'. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் தொடுவதால் பொறியும் நொடிக்கு நூறு முறை வெடிக்கும். அந்த நூறுதான் உங்களுக்குக் கேட்கும் உறுமல்.

வெளியில்தான் என்று தெரிந்துவிட்டது. எந்தக் கம்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கண்டுபிடித்த கதையையே சொல்கிறேன், செய்த தப்போடு. ஒரு மார்கழி இரவு பத்தரை மணி. தெருவில் யாரும் இல்லை. கையடக்க ரேடியோவில் திருச்சி 936ஐ வைத்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடந்தேன். டிரான்ஸ்பார்மர் நிற்கும் இரட்டைக் கம்பத்தடியில் திருச்சி முழுவதும் மூழ்கி உறுமல் மட்டும் கேட்டது. "இதேதான்" என்று முடிவு கட்டி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். தப்பு. மறுநாள் தொடர்ந்து நடந்தபோது அடுத்த கம்பத்தில் சத்தம் குறைந்தது, அதற்கடுத்ததில் மறுபடி ஏறியது. மத்திய அலையில் இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் ஓடும், இடையிடையே மேடும் பள்ளமுமாக. சத்தம் அதிகமாக இருக்கும் கம்பம்தான் மூலம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள்.

விதி இதுதான்: அதிர்வெண் உயர உயர இரைச்சல் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே எவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அது இன்னும் கேட்கிறதோ அவ்வளவு நெருங்கிவிட்டீர்கள். மத்திய அலையில் தெருவைக் கண்டுபிடியுங்கள், சிற்றலையில் நாலைந்து கம்பத்துக்குள் சுருக்குங்கள், பிறகு 145 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். அங்கே வாங்கியை ஏஎம் முறையில் வைக்க வேண்டும், எஃப்எம்மில் வைத்தால் உறுமல் அமுங்கிவிடும். பிவிசி குழாயில் ஸ்டீல் அளவு டேப்பை வெட்டிக் கட்டிய ஒரு மூன்றுகை யாகி ஆன்டெனா, அதாவது நீட்டிய திசையில் வருவதை மட்டும் நன்றாகப் பிடிப்பது, என்னிடம் இருந்தது. அதை ஒவ்வொரு கம்பத்தின் தலைக்கும் நீட்டிப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மருக்கு மூன்று கம்பம் தள்ளி, டீக்கடைக்கு எதிரில், முள் துள்ளியது. இருட்டில் அண்ணாந்து வெகுநேரம் பார்த்த பிறகு பீங்கான் கழுத்தில் கடுகளவு நீலப் பொறி தெரிந்தது. கம்பியைப் பீங்கானோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்கம்பி தளர்ந்திருந்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கம்பத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள், கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஆட்டாதீர்கள், ஆன்டெனாவைக் கம்பிக்குப் பக்கத்தில் உயர்த்தாதீர்கள். தளர்ந்த இணைப்பு எப்போது விழும் என்று அதற்கே தெரியாது.

மழை பெய்தால் இரைச்சல் நின்றுவிடுகிறது. தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள், அது நல்ல துப்பு. காய்ந்த நேரத்தில் உறுமி மழையில் அடங்கினால் எங்கோ இரும்பு தளர்ந்திருக்கிறது. நீர் அந்தச் சிறு இடைவெளியை நிரப்பியதும் பொறி நிற்கும், வெயில் வந்தால் மறுபடி தொடங்கும். மேலே சொன்ன கட்டுக்கம்பி இந்த ஜாதி. இதற்கு நேர்மாறாக, நாள் முழுவதும் சும்மா இருந்து அதிகாலைப் பனியிலோ கோடைக்குப் பிறகு வரும் முதல் தூறலிலோ சீறினால் பீங்கானில் தூசி படிந்திருக்கிறது. கல்குவாரி, செங்கல் சூளை, மண்சாலை ஓரத்து லைன்களில் இது சகஜம். தூறல் தூசியைச் சேறாக்கி மின்சாரத்துக்கு வழி போட்டுவிடும், கொட்டும் மழையோ கழுவித் தள்ளிவிடும். உயர் அழுத்தக் கோபுரத்துக்குக் கீழே ஈரத்தில் கேட்கும் மெல்லிய சீறலைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

யாரிடம் சொல்வது? சொன்னால் கேட்பார்களா?

பகுதிப் பிரிவு அலுவலகத்தில் உதவி மின்பொறியாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். மாநிலம் முழுவதற்குமான மின்னகம் எண் 94987 94987, 2021இல் தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள். "ரேடியோவில் இரைச்சல்" என்று தொடங்கினால் காரியம் நடக்காது. நான் முதல் முறை அப்படித்தான் தொடங்கினேன், "ரேடியோவை மாற்றுங்கள் சார்" என்று அறிவுரை கிடைத்தது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண், எதிரில் உள்ள கடை, பொறி பார்த்த நேரம் ஆகியவற்றைச் சொல்லி "பீங்கானில் பொறி பறக்கிறது" என்றேன். இரண்டாம் நாள் ஏணி வந்தது. பார்க்காத பொறியைப் பார்த்ததாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு முறை ஏறிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் அடுத்த முறை உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மட்டும் போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்கலாமா? கூட்டம் எங்கே என்று தெரிந்தால் குழந்தைகளோடு போக வசதியாக இருக்குமே?

சித்திரைக்கென்று சட்டத்தில் விலக்கு இல்லை, இரண்டாவது கேள்வியின் பதில்தான் இதற்கும். நேரடி ஒலிபரப்பைக் கேளுங்கள். அந்த வாரம் தெருவெங்கும் சீரியல் விளக்கு தொங்கும், அதனால் மத்திய அலை எப்படியும் பாழாகத்தான் இருக்கும். இரைச்சல் தேட உகந்த வாரம் அல்ல.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அதன் அலையை டாங்கிளில் பார்த்து, பக்கத்து வீட்டு யூனிட்டைப் படித்துவிடலாம் என்கிறார்களே?

சில மீட்டர்கள் செல்போன் வலையமைப்பில் பேசுகின்றன. சில, உரிமம் தேவைப்படாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றுக்கொன்று தகவல் கைமாற்றுகின்றன. இரண்டாவது வகை என்றால் திரையில் சின்னச் சின்ன மின்னலாகத் தெரியும். அவ்வளவுதான். உள்ளே இருப்பது மறையீடு. உடைக்க முயன்றால் 42ஆவது பிரிவு இருக்கிறது. பக்கத்து வீட்டு யூனிட் எதற்கு உங்களுக்கு?

ஆன்லைனில் வாக்கி-டாக்கி மலிவாகக் கிடைக்கிறதே, உரிமம் எதற்கு? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, அவள் வாங்க முடியுமா?

விற்பனைக்கு இருப்பதெல்லாம் சட்டப்படியானது என்று நினைக்க வேண்டாம். அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற இணையக் கடைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் நோட்டீஸ் அனுப்பியது. உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும் குறைந்த சக்திக் கருவிதான். கடைக்காரர் "எல்லா பேண்டும் வரும்" என்று பெருமையாகச் சொன்னால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மகள் தாராளமாகத் தேர்வு எழுதலாம், பன்னிரண்டுதான் குறைந்தபட்ச வயது. தொடக்க நிலையில் வானொலித் தொழில்நுட்பம், விதிமுறை இரண்டிலும் வினாக்கள் இருக்கும். மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்திக் குறி) தேவையில்லை, அழைப்புக்குறி வியு3 என்று தொடங்கும். பொது நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும், குறி வியு2. விண்ணப்பம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில். ஓம் விதியும் மின்தேக்கியும் பள்ளிப் புத்தகத்திலேயே வருவதால் சிறுமிகள் என்னைவிட வேகமாகப் படிக்கிறார்கள்.

மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன் ஐயா. கிணற்று மோட்டார் ஓடும்போது மட்டும் ரேடியோ உறுமுகிறது. இதற்கும் கம்பம் கம்பமாக நடக்க வேண்டுமா?

நடக்க வேண்டாம், கோளாறு உங்கள் மோட்டார் கொட்டகையிலேயே இருக்கிறது. பேட்டரி ரேடியோவை ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஓரடி தள்ளிப் பிடியுங்கள், பிறகு ஃபியூஸ் கட்டைக்குப் பக்கத்தில். எங்கே உறுமல் கூடுகிறதோ அங்கே ஏதோ ஒரு முனை தளர்ந்தோ கருகியோ இருக்கும். மூடியைத் திறக்காதீர்கள். மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று ஃபேஸ் முனைகளையும் முறுக்கச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு இதே கேள்வியோடு அழைத்தவரின் ஃபியூஸ் கட்டையில் ஒரு பக்கம் பீங்கான் பழுப்பேறிக் கம்பி பாதி உருகியிருந்தது. மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடிச் சுருள் எரிவதற்கு இன்னும் சில நாள்தான் பாக்கி என்றார் எலக்ட்ரீஷியன்.